டீ யாரு போட்டது?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் நான் இன்னொரு டிகிரி முடித்திருப்பேன். பாசஞ்சர் வண்டிக்காக மூடினால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார்கள். நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயிலுக்கு எஞ்சினை முன்னும் பின்னுமாக இழுக்க ஆரம்பித்தால் அவ்வளவுதான். வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, இயர்போனைக் காதில் செருகிக்கொள்வேன். பாட்காஸ்ட் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்படித்தான். மேம்பாலம் தனிக்கதை, அதை இங்கே எடுத்தால் இந்தப் பதிவு முடியாது.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் சுற்றுவட்டாரத்துக் கிராமங்கள்தான் என் உலகம். பேச்சுதான் பிழைப்பு. தஞ்சாவூரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், "நீங்கள் நிறைய பேசுகிறீர்கள், கேட்பதே இல்லை" என்று எங்கள் எல்லோரையும் மொத்தமாகத் திட்டிவிட்டு, கேட்கக் கற்றுக்கொள்ளச் சில பாட்காஸ்ட்களை எழுதிப் போட்டார்கள். முதலில் கமிஷனுக்காகத்தான் கேட்டேன். பிறகு அது ஒரு போதை மாதிரி ஆகிவிட்டது.

ஷங்கர் வேதாந்தம் நடத்தும் 'ஹிடன் பிரெயின்' பிடிக்கும். அதைவிடப் பிடித்தது 'ஸ்டோரிகார்ப்ஸ்'. 2003-ல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சின்னக் கூண்டு வைத்தார்கள். ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர், அப்பா மகள், பழைய சிநேகிதர்கள் என்று யாராவது, உள்ளே உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேச வேண்டும். அதைப் பதிவு செய்து ஒரு பிரதியை அவர்களிடமே கொடுப்பார்கள். ரயில் நிலையத்தில் போய்ப் பேசவைக்கத் தோன்றியதே என்று எனக்கு ஆச்சரியம். நம் கேட்டில் அப்படி ஒரு கூண்டு வைத்தால் நாற்பது நிமிஷத்துக்குப் பஞ்சமே இருக்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும் நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்டேன். போதாததற்கு, பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தை வெட்டித் தள்ளும் வசதி அந்த ஆப்பில் இருக்கிறது. அதையும் போட்டு வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்பது எப்படி என்று அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டவன் நான்.

கேட்டவற்றில் அடிக்கடி வந்த சொல் 'எம்பதி'. தமிழில் பரிவு என்கிறோம், ஒத்துணர்வு என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லே 1909-ல்தான் வந்தது என்று ஒரு நிகழ்ச்சியில் சொன்னார்கள். டிச்சனர் என்கிற உளவியல்காரர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக அதை உண்டாக்கினாராம். ஜெர்மன்காரர்கள் அந்தச் சொல்லை அப்போது பெரும்பாலும் ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்க்கிறபோது நமக்குள் நடப்பதைச் சொல்லத்தான் பயன்படுத்தினார்கள். அதைக் கேட்டபோதும் நான் கேட்டில்தான் நின்றிருந்தேன். எதிரே இருந்த தண்டவாளம், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போட்ட பாதை, 1861-ல் வந்தது. ஆக, எம்பதியைவிட எங்கள் ரயில் பாதை மூத்தது. இது எதற்கும் உதவாத தகவல்தான், ஆனால் அன்று முழுக்க அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன். யாரும் சட்டை செய்யவில்லை.

சரி, கற்ற வித்தைகளுக்கு வருகிறேன். எஃப்.பி.ஐ-யில் பணயக் கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்திய ஒருவர் சொன்னது இது: எதிராளி சொன்னதில் கடைசி இரண்டு மூன்று சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், அவர் மேலே பேசுவார். கண்ணாடி காட்டுவது என்று பெயர். வீட்டில் முயன்று பார்த்தேன். "இந்த மாசம் கரண்ட் பில் எகிறிப் போச்சு" என்றாள் மனைவி. "எகிறிப் போச்சா?" என்றேன். "ஆமாம்" என்றாள். "ஆமாமா?" என்றேன். அன்று ராத்திரி சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருந்தது, ஆள் தூங்கப் போய்விட்டாள்.

இன்னொன்று, சார்ல்ஸ் டெர்பர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1979-ல் பிரித்துக் காட்டியது. ஒருவர் "முதுகு வலிக்குது" என்கிறார். "எனக்கும்தான், போன வாரம் எழுந்திரிக்கவே முடியல" என்றால் பேச்சை உன் பக்கம் இழுக்கிறாய். "எப்பலேருந்து?" என்றால் அவர் பக்கமே விடுகிறாய். இது சரியாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் தெருக் குழாயடியில் இரண்டு பாட்டிகள் பேசுவதைக் கேட்டால் முழுக்க முழுக்க "எனக்கும்தான்" ரகம். ஒருத்திக்குச் சர்க்கரை 240 என்றால் மற்றவளுக்கு 280. போட்டி போட்டுக்கொண்டு ஏற்றுவார்கள். முடிகிறபோது இரண்டு பேர் முகமும் தெளிந்திருக்கும். அமெரிக்கக் கணக்கில் இவர்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணமான விஷயம் 2023-ல் நடந்தது. அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், ஆனால் தண்ணீர் போதவில்லை. குறுவை பல இடங்களில் காய்ந்தது. பிரீமியம் கட்டச் சொல்லி யார் வீட்டுக்கும் போக எனக்கே கூச்சமாக இருந்த காலம். ஆவணி மாதம் ஒரு காலையில் போன் வந்தது. கோரையாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் என்னிடம் பாலிசி எடுத்திருந்த கொத்தனார் ஒருவர் வேலைத்தளத்திலேயே விழுந்து இறந்துவிட்டார். வயது 44. மாரடைப்பு. பாலிசி எடுத்து இரண்டு வருஷமும் நாலு மாசமும்.

இந்த இரண்டு வருஷம் நாலு மாசத்தில்தான் சிக்கல். பாலிசி போட்டு மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எதையும் கிளறக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்குள் இறந்தால் விசாரணை உண்டு. பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்து மறைத்தாரா என்று துருவுவார்கள். படிவங்கள் கூடும். கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரின் சான்று வேண்டும். உடலைப் பார்த்து, சுடுகாடு வரை போன ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் சாவு வீட்டில் ராப்பகலாகக் கூடவே இருந்தவர்கள் யாரும் அந்தக் கையெழுத்துக்கு ஆக மாட்டார்கள்.

கருமாதி முடிந்து நாலைந்து நாள் விட்டு, படிவத்தோடு போனேன். கூடத்தில் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. கொத்தனாரின் மனைவி, அந்தத் தங்கச்சி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பாட்காஸ்ட் பாடம் முழுவதையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"காலையில டீ குடிச்சிட்டுத்தாண்ணே போனாரு."

"டீ குடிச்சிட்டுத்தான் போனாரு?"

"அதான் சொல்றேனே."

கண்ணாடி காட்டியது அங்கேயே உடைந்தது. சரி, உணர்வுக்குப் பெயர் வைக்கலாம் என்று, "உனக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்னு எனக்குப் புரியுதும்மா" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் திடீரென்று பாட ஆரம்பித்தால் பார்ப்போமே, அந்த மாதிரி. எனக்கு வேர்த்துவிட்டது. படிவத்தை எடுத்தேன். உடம்பு சரியில்லை என்று முதலில் எப்போது சொன்னார், என்ன சொன்னார் என்கிற கேள்விக்கு வந்ததும் அவள் குரல் மாறியது.

"எதுக்குண்ணே கேக்கறீங்க?"

"கம்பெனிக்கு எழுதணும்மா."

"தெரியாதுண்ணே. ஒண்ணும் சொல்லல."

அடுத்த கேள்விக்கும் தெரியாது. அதற்கடுத்ததற்கும் தெரியாது. எனக்குப் பயம் வந்தது. விசாரணைக்கு வருகிறவர் இத்தனை "தெரியாது"வைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நானே ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவில் நான் ரொம்ப நல்லவனாகிவிடுவேன்.

வலங்கைமான் பக்கத்தில் என் அத்தை இருக்கிறாள். அப்பாவின் தங்கை, எழுபத்தைந்து இருக்கும். மாமா ரேடியோ நெல் போட்ட வருஷம் கல்யாணம் ஆனது என்றுதான் சொல்வாளே தவிர, இங்கிலீஷ் தேதி அவளுக்கு ஆகாது. ரேடியோ நெல் என்றால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளில் வெளியிட்ட ஏ.டி.டி. 27. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டே தஞ்சாவூர் ஜில்லாவில் அது பரவியதால் அந்தப் பெயர். வயலுக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய், நாலு பேர் வரப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்த ரேடியோக்காரனுக்கு என்ன தெரியும் என்று சண்டை பிடிப்பார்களாம். கேட்பதும் பேசுவதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்திருக்கிறது.

அத்தைக்கு இறந்துபோன கொத்தனாரின் அம்மா ஒரே தெருவில் பிறந்த சிநேகிதி. ஆனாலும் சாவுக்கு அத்தை வரவில்லை. அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கொஞ்ச நாள் அழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அழக் கூடாதுன்னா கேதத்துக்கு எப்படிடா போறது? போய் சும்மா நிக்கவா?" என்று மூன்று வாரம் பொறுத்திருந்தாள். அத்தை ஒப்பாரி வைப்பதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். ஒப்பாரிக்குப் பெண்கள் வட்டமாகத் தோள்மேல் தோள் போட்டு உட்காருவார்கள் இல்லையா, அதில் யார் யாருக்காக அழுகிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? செத்தது யாராக இருந்தாலும் ஒருத்தி தன் அம்மாவைச் சொல்லி அழுவாள், ஒருத்தி தாலியறுத்த கதையைச் சொல்லி அழுவாள். டெர்பர் பார்த்தால் அத்தனை பேரும் பேச்சைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டவர்கள். ஆனால் அந்த வட்டத்தில் யாரும் யாரையும் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில்.

"காதுல என்னடா அது?"

"ரெண்டு பேர் பேசிக்கறாங்கத்தை. நாம கேக்கலாம்."

"யாரைப் பத்தி?"

"யாரைப் பத்தியும் இல்ல. மத்தவங்ககிட்ட எப்படிப் பேசறது, எப்படிக் கேக்கறதுன்னு."

ஒன்றைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். இங்கிலீஷ்தான், ஒன்றரை மடங்கு வேகம். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நடுவுல மூச்சே விட மாட்டேங்கறாளுங்களேடா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வீட்டில் அத்தை செய்ததை நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். துக்க வீட்டில் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள், அதனால் யாரும் வரவேற்கவில்லை. அத்தையும் எதுவும் சொல்லவில்லை. நேராகப் போய் அந்தத் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே இல்லை, பக்கத்தில். பாட்காஸ்ட்களில் கண்ணைப் பார்த்துப் பேசு என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். அத்தை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. முறத்தில் முருங்கைக்கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உருவ ஆரம்பித்தாள். கண் சரியாகத் தெரியாததால் காம்பும் சேர்ந்தே வந்தது. ரொம்ப நேரம் கீரை உருவுகிற சத்தம் மட்டும்தான். என் ஆப் வெட்டித் தள்ளியிருக்கும் நேரம் அது.

"அன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்க்கிழமைத்தை."

"டீ யாரு போட்டது?"

அந்தக் கேள்வி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் போட்டால் என்ன? ஆனால் அவள் நிமிர்ந்தாள். "அவருதாந்த்தை போட்டாரு. எனக்குக் காச்சல் மாதிரி இருந்துச்சு. நீ படுத்துக்கோ, நான் போட்டுக்கறேன்னாரு. எனக்கும் ஒரு டம்ளர் வச்சிட்டுப் போனாரு. நான் குடிக்கல. ஆறிப்போய் அப்படியே இருந்துச்சு. சேதி வந்தப்பகூட அது அடுப்படியிலதான் இருந்துச்சு."

"மூடி வச்சிருந்தானா?"

"தட்டுப் போட்டு மூடி வச்சிருந்தாரு."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். எந்தச் சட்டை போட்டுப் போனான், சைக்கிளிலா வண்டியிலா, சாரத்தின்மேல் நின்றானா கீழே நின்றானா, பக்கத்தில் கலவை போட்டது யார், யார் முதலில் தூக்கியது. ஒன்றுவிடாமல் கேட்டாள். மனசுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாற்பது நிமிஷக் கூண்டெல்லாம் போதாது. நடுவில் அவள் இரண்டு முறை அழுதாள். அத்தை ஒரு முறை, டாக்டரை மறந்து.

அப்புறம் அத்தை கேட்டாள்: "அதுக்கு முன்ன உடம்புக்கு ஏதாச்சும் சொன்னானா?"

நான் படிவத்தில் கேட்ட அதே கேள்வி. சொல்லுக்குச் சொல் கிட்டத்தட்ட அதேதான்.

"சொன்னாருத்தை. மூணு நாளா எடது தோளு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சாரக் கம்பு தூக்கினதுலன்னு நானும் நெனச்சேன். ராத்திரி தைலம் போட்டுத் தேச்சுவிட்டேன். மூணு நாளும் நாந்தாந்த்தை தேச்சுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம தேச்சுவிட்டேன்."

இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். மாமியாரிடம்கூட இல்லை. என்னிடம் அவள் சொன்ன "தெரியாது" எல்லாம் கம்பெனியிடம் மறைத்தது இல்லை. அத்தை உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்தத் தைலம்?" என்றாள். அவள் சொன்னாள். "உங்க மாமாவுக்கும் அதைத்தான் தேச்சேன், கடைசி வரைக்கும்" என்றாள் அத்தை. எனக்கும்தான் ரகம். அந்தத் தங்கச்சி அப்படியே அத்தை மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

வாசல்படியில் எனக்கு உட்கார முடியவில்லை. பையில் படிவம் இருந்தது, இப்போது அதற்குப் பதிலும் தெரிந்துவிட்டது. மூன்று நாள் தோள்வலி க்ளைமைக் கெடுக்காது. பாலிசி எடுப்பதற்கு முன்னால் இருந்ததை மறைத்தால்தான் தப்பு. உள்ளதை எழுதுவதுதான் அவளுக்கு நல்லது, "தெரியாது" என்று எழுதினால்தான் வம்பு. ஆனாலும் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் காது வைத்துக் கேட்டதைப் போல இருந்தது. அவளிடமே கேட்டேன், இதை எழுதிக்கொள்ளட்டுமா, எழுதினால் உனக்குக் கெடுதல் இல்லை, நான் பொறுப்பு என்று.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எழுதிக்கங்கண்ணே. தைலம் தேச்சதை மட்டும் எழுதாதீங்க."

அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. எழுதவில்லை. கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அத்தை முறத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள், அவ்வளவுதான்.

வழியில் அத்தையிடம், "டீ யாரு போட்டதுன்னு எதுக்குக் கேட்ட?" என்றேன். "தெரியலடா, டீன்னு நீதானே சொன்ன, வண்டியில வரும்போது" என்றாள். எனக்கு அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ ஞான வார்த்தை வரும் என்று நான்தான் எதிர்பார்த்துவிட்டேன். கேட் திறந்திருந்தது.

விசாரணைக்கு ஒருவர் வந்தார், போனார். வேலைத்தளத்தில் விசாரித்தார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. ஐந்து லட்சம் தை மாதம்தான் வந்தது. ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டு நான் எழுதிய கடிதங்களைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் என் ஏஜென்சிக்கு ஆபத்து.

பணம் ஏறிய அன்று அந்தத் தங்கச்சி போன் செய்தாள். தகவலைச் சொல்லிவிட்டு வைக்கவில்லை. நான் சும்மா இருந்தேன்.

"அத்தை போன வாரம் வந்திருந்தாங்கண்ணே. பஸ்ல, தனியாவே."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு என்ன கிழமைன்னு திரும்பவும் மொதல்லேருந்து கேட்டாங்க. ரெண்டு கட்டுக் கீரை கொண்டாந்திருந்தாங்க."